உளவியலர்: தொழிற்பெயரும் பணியெல்லையும்

புணேயின் ஹிஞ்ஜவடி மென்பொருள் பூங்காவை அடுத்துள்ள வாகட்டில் வாழும் தமிழர் மராத்தியில் மூன்று தொழிற்பெயர்களை எதிர்கொள்கின்றனர்: மானசோபசாரதஜ்ஞ, மானசசாஸ்த்ரஜ்ஞ, சமுபதேசக. முதலாமவர் மருந்தெழுதும் மருத்துவர். இரண்டாமவர் உளவியல் பயின்றவர். மூன்றாமவர் ஆலோசனை வழங்குபவர். தமிழ் இதழ்களிலோ இம்மூவரும் 'மனநல நிபுணர்' என்பதனுள் அடங்கிவிடுவதுண்டு.

இப்பணிகள் பிரிந்த வரலாறு நீண்டதன்று. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் தனித்துறையாயிற்று. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ் மருத்துவராகவும் உளவியலராகவும் திகழ்ந்தார். இரு பணிகளும் அன்று ஒருவரிடமே கூடியிருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் துறை அமைந்தது. எனினும், மருத்துவமனையில் பணிபுரியும் உளவியலரை முறையாக உருவாக்கத் தொடங்கியது 1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனமே. அங்கு 1955இல் தொடங்கிய பட்டயப் படிப்பின் பெயர் 'மெடிக்கல் சைக்காலஜி' என்பதாகும்.

மொழிபெயர்ப்பாளர் இடறுமிடம் இதுவே. 'மெடிக்கல்', 'கிளினிக்கல்' என்னும் இரு அடைகளுக்கும் தமிழில் 'மருத்துவ' என்பதே வழங்குகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் உளவியலருக்குரிய தகுதிகளுள் 'கிளினிக்கல் சைக்காலஜி', 'மெடிக்கல் அண்டு சோஷியல் சைக்காலஜி' ஆகிய ஆய்வியல் நிறைஞர் பட்டங்களை வெவ்வேறாகச் சுட்டுகிறது. இரண்டையும் 'மருத்துவ உளவியல்' எனப் பெயர்த்தால் சட்டத்தின் வேறுபாடு மறைகிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், பதிவின்றித் தொழில் புரிவோருக்கு ஓராண்டுவரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை தண்டமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆகவே இதனை நடைச்சிக்கல் என ஒதுக்குவதற்கில்லை. 'கிளினிக்கல்' என்பதற்குச் 'சிகிச்சைசார்' என்னும் அடை ஓரளவு பொருந்தும். அழகிய சொல்லன்று, ஆயினும் மயக்கம் தராது.

ஆலோசகர் நிலையில் ஈழத்தமிழ் நன்கு முயன்றுள்ளது. அங்கு வழங்கும் 'உளவளத்துணை' நோயையோ மருந்தையோ சுட்டாமல் பணியின் இயல்பை மட்டும் உணர்த்துகிறது. தமிழகத்து 'ஆலோசகர்' வரிக்கும் வாஸ்துவுக்கும் பொதுவான சொல்.

எண்ணிக்கையும் பெயரைச் சார்ந்ததே. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவில் ஓர் இலட்சம் மக்களுக்கு 0.07 உளவியலர் எனக் குறித்தது. ஏறத்தாழப் பதினான்கு இலட்சம் பேருக்கு ஒருவர். பள்ளி ஆலோசகரையும் தொழிலக உளவியலரையும் சேர்த்தால் இவ்வெண் வேறாகும். 2021ஆம் ஆண்டின் துணைநிலை நலப்பணியாளர் சட்டம் 'உளவியலர்' என்பதைத் தன் அட்டவணையில் சேர்த்து, மறுவாழ்வுக் குழுமத்திற்கு உட்பட்ட கிளினிக்கல் உளவியலரை அதிலிருந்து விலக்கியுள்ளது.