‘அறை காலி இல்லை’



இந்த விடுமுறையில் நம் குடும்பக் குழுவைத் திறந்தாலே ஓட்டல் புகார்தான். தாய்லாந்து போனவருக்கு ஏ.சி. ஓடவில்லை. துபாய் போனவருக்குக் காலைச் சாப்பாட்டில் இட்லி கல்லாக இருந்தது. பாரிஸ் போன மருமகனுக்கு லிஃப்டில் பெட்டியை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. எல்லாம் நியாயமான புகார்கள்தான். காசு கொடுத்தவன் கேட்கத்தானே செய்வான்! ஆனால் அவற்றைப் படிக்கப் படிக்க, வரலாற்றில் படித்த சில ஓட்டல் அறைகள் எனக்கு நினைவுக்கு வந்தபடியே இருந்தன. அவற்றைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நடுவில் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன், பயப்படாமல் படியுங்கள்.

முதலில் சிரிக்கக்கூடிய கதை. 1888 செப்டம்பர் கடைசியில், பத்தொன்பது வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது, காந்தி லண்டன் போய்ச் சேர்ந்தார். தங்கியது விக்டோரியா ஓட்டல். அன்றைக்கு லண்டனில் பெரிய ஓட்டல். உள்ளே போனதும் ஒரு சிறிய அறையின் கதவைத் திறந்தார்கள். சற்று நேரம் உட்கார வைப்பதற்கான அறை என்று நினைத்துக்கொண்டார். பார்த்தால் அறையே மேலே போகிறது! லிஃப்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றைக் கேட்டு வாங்குவார், பிடிக்காது, வேறொன்று கேட்பார். இரண்டுக்கும் காசு. கடைசியில் பம்பாயிலிருந்து கொண்டுபோன பலகாரங்களில்தான் பொழுதை ஓட்டினார். ஓட்டலை விட்டுக் கிளம்பும்போது பில் மூன்று பவுன். சரியாகச் சாப்பிடாத சாப்பாட்டுக்கு இவ்வளவா என்று அதிர்ந்து போனார். ‘சத்திய சோதனை’யில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம் குழுவில் வரும் புகார்களும் இந்த வகைதான். 130 வருஷமாகியும் பெரிய மாற்றம் இல்லை.

இனி வருவது வேறு வகை.

1893 ஜூன் மாதம். காந்திக்கு இப்போது 23 வயது, பாரிஸ்டர். தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குப் போகிறார். வழியில் மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடப்புத்தகம் அதோடு நிறுத்திவிடும். அதே பயணத்தின் அடுத்த நாட்கள் புத்தகத்தில் இல்லை. பரீட்சைக்கு வராது என்பதால் நாங்களும் அங்கேயே நிறுத்திவிடுவோம்.

அங்கே சார்ல்ஸ்டவுன் வரைதான் ரயில். அதன் பிறகு குதிரைகள் இழுக்கும் கோச் வண்டி. அதிலே அடியும் வாங்கிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் வந்து சேர்கிறார். அழைத்துப்போக வந்த ஆளை இவருக்கு அடையாளம் தெரியவில்லை. சரி, ஓட்டலுக்குப் போவோம் என்று ஒரு வண்டி பிடித்து கிராண்ட் நேஷனல் ஓட்டலுக்குப் போய் அறை கேட்கிறார். மேலாளர் ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, வருத்தம் தெரிவித்து, அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று சொல்லி வழியனுப்பி வைத்தார்.

கவனியுங்கள், திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. ரயிலில் தள்ளினார்கள், கோச்சில் அடித்தார்கள், ஓட்டலில் வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். காந்தியும் அந்த நேரத்தில் அதை நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. நேரே கமருதீன் கடைக்குப் போகச் சொல்லி வண்டிக்காரரிடம் கூறினார். அங்கே காத்திருந்த அப்துல் கனி சேட்டிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். ஓட்டலில் இடம் கொடுப்பார்கள் என்று நினைத்தே போனீர்களா என்று கேட்டாராம். அங்கேயே குடியிருக்கும் மனிதருக்கு அது வேடிக்கை. புதிதாக வந்தவருக்குத்தான் வலி.

பிரிட்டோரியாவில் இறங்கியபோது இரவு. நிலையத்தில் யாரும் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அமெரிக்கக் கறுப்பினத்தவர், தனக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது என்று அவரை ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கருடைய ஓட்டலுக்கு அழைத்துப்போனார். ஜான்ஸ்டன் இடம் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: சாப்பாட்டை அறையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு நிறவேற்றுமை கிடையாது, ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் ஐரோப்பியர், அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்றார். காந்தி ஒப்புக்கொண்டு அறையில் காத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பதிலாக ஜான்ஸ்டனே வந்து நின்றார். தான் சொன்னது அவருக்கே உறுத்தியிருக்கிறது. மற்ற விருந்தினர்களிடம் போய்க் கேட்டேன், யாருக்கும் ஆட்சேபணை இல்லை, சாப்பாட்டுக் கூடத்துக்கு வாருங்கள் என்றார். காந்தி அங்கே போய் வயிறாரச் சாப்பிட்டார்.

இந்த ஜான்ஸ்டனை எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய புரட்சிக்காரர் இல்லை. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்த ஒரு சாதாரண வியாபாரி. ஆனால் போய்க் கேட்டார். கேட்டால், மறுக்க ஒருவரும் இல்லை! ‘எனக்கு ஒன்றுமில்லை சார், மற்றவர்கள் ஏதாவது சொல்வார்கள்’ என்ற வாக்கியத்தை வீடு வாடகைக்குத் தேடிய நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அந்த மற்றவர்களிடம் போய்க் கேட்டவர் யார்?

அடுத்த கதைக்கு முன்னால் கொஞ்சம் சட்டம். இங்கிலாந்தில் சத்திரக்காரர்களுக்கு என்று மிகப் பழைய வழக்குச் சட்டம் ஒன்று உண்டு. வழிப்போக்கன் வந்து கேட்டால், அறை காலியிருந்து, அவன் பணம் கொடுக்கத் தயாராக இருந்து, தகாத முறையில் நடக்காதவனாக இருந்தால், இடம் இல்லை என்று சொல்லக் கூடாது. காரணம் எளிது. அந்தக் காலத்துச் சாலைகளில் இருட்டினால் திருடர் பயம். இரவில் ஒருவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது அவன் உயிரோடு விளையாடுவது. மற்ற கடைக்காரர் ‘உனக்கு விற்க மாட்டேன்’ என்று சொல்லலாம், சத்திரக்காரர் சொல்ல முடியாது. தங்கியவனுடைய பொருள் திருட்டுப் போனாலும் சத்திரக்காரரே பொறுப்பு என்று 1584-லேயே ஒரு வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அந்தப் பொறுப்புக்கு 30 பவுன் என்று உச்சவரம்பு கட்டி 1863-இல் சட்டம் போட்டார்கள். அந்த வரம்பு செல்ல வேண்டுமானால் அறிவிப்பு எழுதித் தொங்கவிட வேண்டும். ஓட்டல் சுவர்களில் பார்க்கிறோமே, ‘உங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று, அந்தப் பலகைக்கு இப்படியும் ஒரு முன்னோர் உண்டு.

இந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தவர் ஒரு கிரிக்கெட் வீரர். லியரி கான்ஸ்டன்டைன். டிரினிடாட்காரர். வெஸ்ட் இண்டீஸ் முதன்முதலில் டெஸ்ட் ஆடிய 1928 அணியில் இருந்தவர். அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் எடுத்தார். ஃபீல்டிங்கில் அவருக்கு ஈடு இல்லை என்பார்கள். பிறகு லங்காஷயரில் நெல்சன் என்ற சிறிய ஊரில் குடியேறி, அந்த ஊர் அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடினார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்தில் நல அலுவலராக இருந்தார். கரீபியனிலிருந்து போர்த் தொழிற்சாலைகளுக்கு வந்த தொழிலாளர்களைக் கவனிப்பது அவர் வேலை.

1943 ஜூலை 30. லார்ட்ஸ் மைதானத்தில் ஆட வேண்டும் என்று மனைவியோடும் மகளோடும் லண்டன் வந்தார். ரஸ்ஸல் சதுக்கத்தில் இம்பீரியல் ஓட்டலில் நான்கு இரவுகளுக்கு முன்பதிவு. பதிவு செய்யும்போதே, நாங்கள் கறுப்பர்கள், ஏதாவது சிரமம் உண்டா என்று விசாரித்தும் ஆயிற்று. ஒன்றும் இல்லை என்ற பதிலும் வந்தது. வந்து இறங்கினால், ஒரே ஓர் இரவுதான் தங்கலாம் என்கிறார்கள். அப்போது லண்டன் முழுக்க அமெரிக்க ராணுவத்தார். அவர்களுக்குப் பிடிக்காது என்பது ஓட்டலின் காரணம். அமைச்சகத்திலிருந்து ஓர் அதிகாரியே வந்து, இவர் பிரிட்டிஷ் குடிமகன், அரசு அலுவலர் என்று வாதாடிப் பார்த்தார். ஓட்டல் நிர்வாகப் பெண்மணி, அவர் காதில் விழும்படியே, எழுதத் தகாத ஒரு சொல்லால் இவரைக் குறிப்பிட்டார். கூட மனைவி, பெண் குழந்தை. அவர் சண்டை போடவில்லை. அதே கம்பெனிக்குச் சொந்தமான பெட்ஃபோர்ட் ஓட்டலுக்குக் குடும்பத்தை அழைத்துப்போனார்.

இங்கே என் அனுபவம் ஒன்று. மகனைப் பார்க்கப் போன பயணத்தில் ஒரு வெளிநாட்டு நகரத்தில் முன்பதிவு செய்த அறை எங்களுக்கும் கிடைக்கவில்லை. ராத்திரி பதினொன்றரை மணிக்கு, கணக்குக்கு மேல் பதிவாகிவிட்டது, எங்களுடைய இன்னொரு ஓட்டலுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். வீட்டுக்காரிக்கு மூட்டுவலி, எனக்குக் கோபம். பெயரெல்லாம் வேண்டாம். டாக்சி வைத்து அனுப்பினார்கள், மறுநாள் மன்னிப்புக் கேட்டார்கள். அதே இரவில் எங்களைப் போல மாற்றி அனுப்பப்பட்டவர்கள் எல்லா நாட்டுக்காரர்களும்தான். இரண்டு நாளில் நான் மறந்துவிட்டேன். கான்ஸ்டன்டைனுக்கு நடந்ததும் வெளிப்பார்வைக்கு இதேதான்: ஓர் ஓட்டலிலிருந்து அதே முதலாளியின் இன்னோர் ஓட்டலுக்கு மாற்றம், அங்கே நல்ல அறை. வழக்கில் ஓட்டல்காரர்கள் சொன்ன வாதமும் அதுதான். அவர் விருப்பப்பட்டுத்தான் போனார், அவருக்கு என்ன நஷ்டம் என்றார்கள்.

1944 ஜூனில் நீதிபதி பிர்க்கெட் தீர்ப்புச் சொன்னார். (இவர்தான் பின்னர் நியூரம்பர்க் விசாரணையில் பிரிட்டனின் மாற்று நீதிபதியாக அமர்ந்தவர்.) விரும்பிப் போனார் என்பதை அவர் ஏற்கவில்லை. நிறவேற்றுமைக்கு எதிராக இங்கிலாந்தில் அன்று சட்டமே கிடையாது. ஆகவே அந்தப் பழைய சத்திரச் சட்டம்தான் கை கொடுத்தது. வழிப்போக்கரை நியாயமான காரணமின்றி மறுத்தது தவறு என்றார். தனக்கு இன்ன நஷ்டம் என்று காட்ட வேண்டியதில்லை, உரிமை மீறப்பட்டதே போதும் என்றார். நஷ்ட ஈடு ஐந்து கினி. அதாவது 5 பவுன் 5 ஷில்லிங்.

ஐந்து கினிக்கு ஒரு பெரிய கம்பெனியோடு ஒரு வருஷம் வழக்காட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பணத்துக்காக அவர் போகவில்லை. அமைச்சக வேலையில் அவரிடம் வந்த தொழிலாளர்கள் அறை கிடைக்காமல் அலைந்ததை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். லார்ட்ஸில் கைதட்டல் வாங்குகிறவனுக்கே இந்த நிலை என்றால் பெயர் தெரியாத தொழிலாளிக்கு என்ன நிலை என்பது நீதிமன்றப் பதிவில் ஏற வேண்டும், பத்திரிகையில் வர வேண்டும். வந்தது. ஆனால் உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஓட்டல், உணவகம் போன்ற பொது இடங்களில் நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1965-இல்தான் வந்தது. அதற்குள் கான்ஸ்டன்டைன் வழக்கறிஞராகி, டிரினிடாடின் தூதராக லண்டனிலேயே இருந்து முடித்துவிட்டார். 1969-இல் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

அமெரிக்காவைப் பற்றி ஒரு வரி. 1957-இல், சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், கானாவின் நிதியமைச்சர் கெபெடெமா டெலவேர் மாநிலத்தில் வழியோர உணவகம் ஒன்றில் ஆரஞ்சுச் சாறு கேட்டார். இங்கே உட்கார்ந்து குடிக்க முடியாது என்றார்கள். செய்தி பரவியதும் அதிபர் ஐசனோவர் அவரை வெள்ளை மாளிகைக்கே காலை உணவுக்கு அழைத்தார். அமைச்சர் என்பதால் அழைப்பு. உள்ளூர்க் கறுப்பினத்தவருக்கு யார் அழைப்பு அனுப்புவார்?

வெளிநாட்டுக்காரர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் வரலாற்று வாத்தியார் இல்லை.

1917-இல் அம்பேத்கர் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டுத் திரும்பி, கல்வி உதவித்தொகை தந்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். வெளிநாட்டில் தங்குவதற்கு அவரிடம் யாரும் சாதி கேட்கவில்லை. பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதல் கவலையே எங்கே தங்குவது என்பதுதான். இந்து விடுதியில் இடம் தர மாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில், காப்பாளரின் சம்மதத்தோடு, பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்கினார். சாப்பாடும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை ரூபாய். வேறு விருந்தினரே இல்லாத மாடி, மங்கிய விளக்கு, அவரும் அவர் புத்தகங்களும். பதினொன்றாம் நாள் காலையில் அலுவலகம் கிளம்பும்போது பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இந்து நண்பர் ஒருவரையும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரையும் கேட்டுப் பார்த்தார். இருவருமே தயங்கி மறுத்துவிட்டார்கள். பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை ஐந்து மணி நேரம் காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அந்த மனிதர்.

ஜோகன்னஸ்பர்க்கில் அந்த மேலாளராவது அறை நிரம்பிவிட்டது என்று ஒரு பொய் சொன்னார். பரோடாவில் அந்தப் பொய்கூடத் தேவைப்படவில்லை.

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் எங்கெல்லாம் தடுக்கக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள், அப்புறம் கிணறு, குளம், சாலை. இவ்வளவு பெரிய சட்டத்தில் போய் ‘விடுதி’ என்று ஏன் சார் எழுத வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் ஒரு பையனாவது கேட்பான் என்று வருஷா வருஷம் எதிர்பார்ப்பேன். யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த பரோடா ராத்திரியைச் சொல்ல ஒரு பீரியட் முழுக்க ஒதுக்கியிருப்பேன்.