நுண்மணியா, குறைந்த சூடா? துடிப்பு மின்னோட்ட வெல்டிங்கில் 6061 அலுமினியம்

6061-டி6 அலுமினியத் தகடுகளைத் துடிப்பு மின்னோட்டத்தில் டிக் வெல்டிங் செய்தால், சீரான மின்னோட்டத்தில் செய்ததைவிட இணைப்பு வலுவாக அமைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதில் தகராறில்லை, காரணம் சொல்வதில்தான் தகராறு. மின்னோட்டம் ஏறி இறங்கும்போது உருகிய குட்டை கலங்குகிறது, டென்ட்ரைட் கிளைகள் ஒடிகின்றன, ஒடிந்த துண்டுகள் புதுப் படிகங்களுக்கு வித்தாகின்றன, உலோகம் நுண்மணிகளாக உறைகிறது, வலிமை கூடுகிறது என்பது நிலைபெற்றுவிட்ட விளக்கம். நுண்ணோக்கிப் படங்களில் நுண்மணிகள் தெரிவது உண்மையே. அங்கிருந்து வலிமைக்குத் தாவும்போதுதான் கால் சறுக்குகிறது.

கணக்குப் போட்டால் தெரியும். மணி அளவையும் வலிமையையும் இணைக்கும் ஹால்–பெட்ச் கெழு அலுமினியத்தில் மிகச் சிறியது. அதைத் தாராளமாக 0.07 என்று (மெகாபாஸ்கல், வர்க்கமூல மீட்டர் அலகில்) வைத்தாலும், மணி 100 மைக்ரோமீட்டரிலிருந்து 50-க்குச் சுருங்கும்போது யீல்டு வலிமையில் கிடைக்கும் ஆதாயம் சுமார் 3 மெகாபாஸ்கல். இழுவைச் சோதனையின் வழக்கமான சிதறலிலேயே அது காணாமல் போய்விடும்.

அதைவிட முக்கியம், துண்டு எங்கே அறுகிறது என்பது. டி6 நிலையின் வலிமை மக்னீசியம்–சிலிக்கான் நுண்வீழ்படிவுகளால் வருவது. வெல்டின் சூட்டில் அவை பருத்துவிடுகின்றன. கடினத்தன்மை வரைகோட்டில், வெல்டுக்கு வெளியே, ஒரு பள்ளம் விழுகிறது. 290 மெகாபாஸ்கல் உத்தரவாதமுள்ள தகட்டின் இணைப்புக்கு அமெரிக்க விதிமுறை 165 மட்டுமே கேட்பது இதனால்தான். இணைப்பு அந்தப் பள்ளத்தில் அறுந்தால், வெல்டுக்குள் இருக்கும் நுண்மணிக்கு அதில் என்ன பங்கு?

துடிப்பே அந்தப் பள்ளம்வரை எட்டிப் பதப்படுத்துகிறது என்று வாதிடலாம். எட்டாது. 6 ஹெர்ட்ஸ் துடிப்பின் வெப்ப அலை இந்த உலோகத்தில் ஏறக்குறைய 2 மி.மீ.க்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது, பள்ளம் விழும் தொலைவில், சுமார் 10 மி.மீ. தள்ளி, ஒரு விழுக்காடுகூட மிஞ்சாது. இது ஒற்றைப் பரிமாண மதிப்பீடு. நகரும் வில்லும் தகட்டின் தடிமனும் எண்ணைச் சற்று மாற்றும், முடிவை மாற்றா. பள்ளம் இருக்கும் வெப்பத் தாக்கப் பகுதி உணர்வது சராசரி வெப்பத்தை மட்டுமே.

ஆக, சோதனையின் அமைப்பையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. உச்சம் 200, தாழ்நிலை 80 ஆம்பியர், இரண்டுக்கும் சமநேரம் என்றால் சராசரி 140. ஒப்பீட்டுக்கான சீரான மின்னோட்ட வெல்டை, முழு ஊடுருவலுக்காக 160-இல் ஓட்டியிருந்தால், வென்றது நுண்மணியன்று, 20 ஆம்பியர் குறைந்த சூடு. உச்சத்தில் உருக்கி, தாழ்நிலையில் ஆறவிட்டு, குறைந்த சராசரியில் அதே ஊடுருவலைத் தருவதுதான் துடிப்பின் மெய்யான வரவு. அது சிறிய வரவுமன்று.

நுண்மணி வெப்ப விரிசலைத் தடுக்கிறதே என்பார்கள். தடுக்கிறது; 7075 போன்ற கலவைகளில் அது பெரிய விஷயம். ஆனால் அது விரிசலின் கதை, வலிமையின் கதை அன்று. பீடின் மேடு சீவப்பட்ட துண்டு வெல்டுக்குள்ளேயே அறுவதும் உண்டு; அங்கும் அந்த 3 மெகாபாஸ்கல் கணக்கே பொருந்தும்.

இனி வரும் ஆய்வுகள் இரு முறைகளையும் ஒரே சராசரி ஆற்றலில், ஒரே வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு துண்டும் அறுந்த இடத்தை மையக்கோட்டிலிருந்து மில்லிமீட்டரில் அட்டவணைப்படுத்த வேண்டும்.