நுண்ணோக்கி வாங்கிய பியர் ஆலை

1871-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லூயி பாஸ்டர் லண்டனின் பெரும் பியர் ஆலைகளுள் ஒன்றான விட்பிரெட்டுக்குச் சென்றார். பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றுப் போயிருந்த சமயம் அது. பியரிலாவது ஜெர்மானியர்களை விஞ்சிவிட வேண்டும் என்ற வைராக்கியம் அவரைப் பிடித்திருந்தது. அங்கே போர்ட்டர் என்னும் கரிய பியரின் ஈஸ்ட்டில் சிறிது வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஈஸ்ட்டோடு, அதில் இருக்கக்கூடாத மெல்லிய இழைகளும் தென்பட்டன. உங்கள் போர்ட்டர் சரியாக இருக்க முடியாதே என்று சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர், மொழியும் வேறு, வந்த முதல் நாளே இப்படிச் சொல்கிறார். ஆலைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அன்று காலையில்தான் வேறோர் ஆலையிலிருந்து புதிய ஈஸ்ட் கேட்டு வாங்கவேண்டிய நிலைக்கு வந்திருந்ததை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாரத்திற்குள் பாஸ்டர் மறுபடி சென்றபோது ஆலையில் ஒரு நுண்ணோக்கி வாங்கி வைக்கப்பட்டிருந்தது. 1876-இல் வெளிவந்த, பியர் குறித்த ஆய்வுகள் அடங்கிய தம் நூலில் பாஸ்டரே இதை எழுதியிருக்கிறார்.

நூறாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் தோன்றிய கைவினை பியர் இயக்கத்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம் நினைவுக்கு வரும். அந்தக் கதையை வெற்றிக் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். கொல்லைப்புறத்தில் பானையில் காய்ச்சியவர்கள் பெருநிறுவனங்களை அசைத்தார்கள் என்பது பொய்யல்ல. ஆனால் அதில் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு: கெட்டுப்போன பியரை என்ன செய்தார்கள், அது கெட்டுப்போனது என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

மதுவிலக்கு 1920-இல் அமலுக்கு வந்தபோது அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் அதிகமாக இருந்த ஆலைகள் மூடின, அல்லது மால்ட் பாகும் குளிர்பானமும் விற்றுப் பிழைத்தன. அந்தப் பாகு ரொட்டி சுடுவதற்கென்றே விற்கப்பட்டது. வாங்கியவர்கள் எல்லோரும் ரொட்டி சுட்டார்களா என்பது வேறு விஷயம். 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியது. வீட்டில் ஒயின் தயாரிக்க வரிவிலக்கோடு அனுமதி இருந்தது. பியருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஆகவே அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள், தன் சமையலறையில் ஐந்து காலன் பியர் காய்ச்சியவர் சட்டப்படி குற்றவாளி. இதற்கிடையில் பெரிய ஆலைகள் சிறியவற்றை விழுங்கி, எழுபதுகளின் இறுதியில் நாடு முழுவதும் நூறுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சின.

1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்றியது. வயதுவந்த ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர், வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம்; விற்கக்கூடாது. 1979 பிப்ரவரியில் இது நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் தனித்தனியே இசைய வேண்டியிருந்ததால், அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் கடைசியாக வழிக்கு வந்தன. 1978-இலேயே கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பாப்பாசியனும் சார்லி மாட்ஸெனும் வீட்டில் காய்ச்சுபவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

இத்தகைய சங்கங்கள் நடத்திய போட்டிகளே சட்டத்தை விட முக்கியமானவை என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ச்சியவர் பெயர் தெரியாமல் நடுவர்கள் சுவைத்து, குறைகளைத் தாளில் எழுதித் தருவார்கள். வெண்ணெய் வாசனை, பச்சை ஆப்பிள் வாசனை, வேகவைத்த சோள வாசனை, ஈரமான அட்டைப்பெட்டி வாசனை என்று ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பெயரும் ஒரு காரணமும் உண்டு. பச்சை ஆப்பிள் என்றால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. ஈர அட்டை என்றால் காற்று பட்டுவிட்டது. 1985-இல் இந்த நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் முறையும் வந்தது. முகம் தெரியாத ஒருவர் எழுதிய தாளை வாசித்து, மனம் நொந்து, அடுத்த ஈட்டைத் திருத்திக் காய்ச்சியவர்களே பின்னாளில் நல்ல ஆலைகள் சிலவற்றைத் தொடங்கினார்கள்.

பல ஆண்டுகளாக வீட்டில் காய்ச்சிவருபவன் என்ற முறையில் எனக்கும் அந்தத் தாள்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மத்திய மேற்கின் சிற்றூர் ஒன்றில், புதிதாகத் திறந்திருந்த பியர் ஆலைக்குள் நுழைந்தேன். பழைய இரும்புச் சாமான் கடையை அழகாக மாற்றியிருந்தார்கள். மூலையில் குழந்தைகள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்த அந்தத் தெருவில் விளக்கெரிந்த இடம் அது ஒன்றுதான். ஆறு வகை பியர் இருந்தது. பேல் ஏலை வாயருகே கொண்டுசெல்லும்போதே சினிமா கொட்டகைப் பாப்கார்னின் வெண்ணெய் வாசனை. கோதுமை பியரில் வேகவைத்த சோளம். ஸ்டவுட் மட்டும் தேறியது; வறுத்த மால்ட்டின் கசப்பு பல பாவங்களை மறைத்துவிடும்.

அந்த வெண்ணெய்க்கு டைஅசிட்டைல் என்று பெயர். சர்க்கரையை மதுவாக்கும்போது ஈஸ்ட் வெளியேற்றும் ஒரு பொருளிலிருந்து அது உருவாகிறது. வேடிக்கை என்னவென்றால், பொறுத்திருந்தால் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாசனையற்ற ஒன்றாக மாற்றிவிடும். நொதித்தலின் இறுதியில் இரண்டு மூன்று நாள் சற்று வெதுவெதுப்பாக வைத்திருந்தால் போதும். அவசரப்பட்டுக் குளிரவைத்து ஈஸ்ட்டைப் பிரித்துவிட்டால் வெண்ணெய் தங்கிவிடும். தயாரா என்று அறிய ஆய்வகம்கூட வேண்டாம். கொஞ்சம் பியரை மூடிய குப்பியில் இருபது நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, முகர்ந்தால் தெரிந்துவிடும். (சில செக் லாகர்களிலும் ஆங்கிலேய ஏல்களிலும் இந்த வாசனை இலேசாக இருப்பதை ரசிப்பவர்கள் உண்டு. இது இலேசாக இல்லை.)

உரிமையாளரே பரிமாறினார். அவரும் வீட்டில் காய்ச்சத் தொடங்கியவர்தான். பேல் ஏல் எத்தனை நாள் தொட்டியில் இருந்தது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் தொட்டி காலியாகவேண்டும், கோடைக்காலத்தில் வேறு வழியில்லை என்றார். வெண்ணெயைப் பற்றி மெல்லச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சற்றுநேரம் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஊரில் யாரும் எதுவும் சொல்லவில்லையே என்றார்.

அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இடம் வேண்டும். அதை நடத்துபவர் அவர்களுடைய அண்டை வீட்டுக்காரர். அவருடைய கடன் எவ்வளவு என்பதுகூடச் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். நண்பரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை கேட்கப்பட்ட சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் விளக்காமலே புரியும். வீட்டில் காய்ச்சியபோது அவருக்கு அந்நியர்கள் தாளில் எழுதித் தந்தார்கள். ஆலை வைத்தபின் நண்பர்கள் மட்டுமே எஞ்சினார்கள்.

கணக்கும் அவருக்கு எதிரானது. வீட்டில் ஓர் ஈடு 19 லிட்டர். புளித்துப்போன இட்லி மாவைக் கொட்டுவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு கொட்டிவிடலாம். சிற்றூர் ஆலைகளில் பரவலாகக் காணப்படும் ஏழு பேரல் தொட்டியில் ஓர் ஈடு என்பது 820 லிட்டர். அதைக் கொட்டினால் மால்ட்டும் ஹாப்ஸும் மட்டுமல்ல, இரண்டு மூன்று வாரத் தொட்டி நேரமும் சேர்ந்து போகிறது.

முன்னோடிகளுக்கும் இதே கணக்குதான். 1965-இல் ஃபிரிட்ஸ் மேடேக் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் பெரும்பங்கை வாங்கியபோது அது மூடும் தறுவாயில் இருந்தது. பியர் அடிக்கடி புளித்துப்போய்க்கொண்டிருந்தது. சலவை இயந்திரக் குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞர், பாஸ்டரின் வழியிலேயே நுண்ணோக்கியும் சுத்தமும் கற்றுக்கொண்டு, 1971-இல்தான் புட்டியில் அடைக்கத் துணிந்தார். சீகோ நகரில் வீட்டில் காய்ச்சுபவர்களுக்கான கடை நடத்திய கென் கிராஸ்மன், பால்பண்ணைத் தொட்டிகளைக் கொண்டு 1980-இல் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். கையில் பணமே இல்லாத நிலையிலும், சுவை ஒரேபோல் வரும்வரை முதல் பேல் ஏல் ஈடுகள் பலவற்றைச் சாக்கடையில் ஊற்றினார். இன்று அந்த பியரை அமெரிக்காவின் எந்த மளிகைக் கடையிலும் வாங்கலாம். கேஸ்கேட் என்ற ஹாப்ஸின் மணத்தால் அது புகழ்பெற்றது என்று எழுதுகிறார்கள். கொட்டிய ஈடுகளையும் சேர்த்து எழுதலாம்.

இவர்களுக்கு நடுவே ஜாக் மெக்காலிஃப் நிற்கிறார். கடற்படை வீரராக ஸ்காட்லாந்தில் இருந்தபோது வீட்டில் பியர் காய்ச்சக் கற்றவர். 1976-இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தாமே பற்றவைத்து, தச்சுவேலை செய்து, பழைய உருளைகளைக் கொண்டு உருவாக்கினார். மதுவிலக்குக்குப் பின் ஒன்றுமில்லாமையிலிருந்து எழுப்பப்பட்ட முதல் நுண்ணாலை அதுவே என்பார்கள். அவருடைய ஓர் ஈடு ஒன்றரை பேரல்தான். கொட்டுவதற்கு வசதியான அளவு. பிழைப்பதற்குப் போதாத அளவு. விரிவுபடுத்த வங்கிகள் பணம் தரவில்லை. 1982-இல் ஆலை மூடப்பட்டது.

அதன் சாதனங்களும், ஈஸ்ட்டும், வேலை பார்த்த சிலரும் வடக்கே ஹாப்லாண்ட் என்ற சிற்றூரில் 1983-இல் தொடங்கிய மெண்டொசினோ ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1997-இல் அந்த ஆலையின் கட்டுப்பாடு நம் விஜய் மல்லையாவின் குழுமத்திடம் வந்து, அமெரிக்கர்களுக்கான கிங்ஃபிஷர் அங்கேயும் காய்ச்சப்பட்டது. 2018 ஜனவரியில் அதுவும் மூடியது.