ஓதமும் ஏற்றமும்: மரக்காணத்து அளங்களில் நீர்வேலையின் தடயங்கள்

சுரங்கத் தொல்லியல் என்றதும் பாறையில் வெட்டிய வாய்க்காலையும் மரச்சக்கரத்தையுமே தேடிப் போகிறோம். ஸ்பெயினின் ரியோ டின்டோ செப்புச் சுரங்கத்தில் ரோமர் காலத்து மரச்சக்கரங்கள் இரண்டிரண்டாகக் கிடைத்தன. சுரங்கத்தின் அடியில் ஊறிய நீரை, ஆட்கள் காலால் மிதித்துச் சுழற்றிப் படிப்படியாக மேலேற்றிய சக்கரங்கள் அவை. ஒன்றின் பகுதி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரக்காணத்தின் உப்பளங்களும் கனிமம் எடுத்த களங்களே. இங்கும் நீரை ஏற்றியது மனிதனின் கால்தான். அந்த உழைப்பு மட்டும் எந்த அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேரவில்லை.

இங்கே நீர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். இக்கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கழிமுகம் வழியாக உப்புநீரை உள்ளே கொண்டுவர அது போதும். அளத்தின் மேட்டுக்கு ஏற்ற அது போதாது. மிச்சத்தை ஏற்றம் செய்தது. துலாமரத்தின் மீது ஆள் முன்னும் பின்னும் நடக்க, கீழே நின்றவர் சாலைப் பிடித்து முகந்து கொட்டினார். அதன்பின் நீருக்குச் சரிவே துணை. பாத்தியிலிருந்து பாத்திக்கு, மடை திறந்தால் தானே இறங்கும்.

உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி இருக்கும். வெயிலில் சுண்டச் சுண்ட, உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு விளையும். அதற்குள் நீர் பத்தில் ஒரு பங்காக வற்றியிருக்கும். 29 டிகிரியைத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும். கருவி வருமுன்பே இந்தக் கணக்கைக் கண்ணாலும் நாக்காலும் அறிந்தவர்கள் அளத்தில் நின்றார்கள். நீரின் மேல் பாலாடைபோல் மெல்லிய ஏடு கட்டத் தொடங்குவதே அவர்களுக்கு அடையாளம். ஏடு கனத்துக் கீழே அமிழ்ந்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள்.

இந்தத் தொழில் எவ்வளவு பழையது என்பதற்கு ஊரிலேயே சான்று இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர்கள் மரக்காணத்தோடு பொருத்துகிறார்கள். பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வூருக்கு இராசராசப் பேரளம் என்ற பெயரும் உண்டு. பேரரசன் பெயரையே ஓர் அளம் தாங்கி நிற்கிறதென்றால், உப்பு அக்காலத்து அரசுக்கு எவ்வளவு பெரிய வருவாய் என்று ஊகிக்கலாம். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியதும் அந்த வருவாயை எண்ணித்தான்.

மண்வரப்பு ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, மீண்டும் கட்டப்படுவது. ஏற்றத்து மரமோ டீசல் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்ததும் விறகாகிப் போனது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பெரிய எச்சம் பக்கிங்காம் கால்வாய் ஒன்றுதான். 1806இல் பேசில் காக்ரேன் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய், பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். 1877–78 பஞ்சத்தில் பசித்தவர்கள் கூலிக்கு வெட்டிய பகுதியும் இதில் அடங்கும். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் சென்னைக்குப் போயின. ஓதம் ஏறி இறங்கும் ஆறுகளைக் கால்வாய் கடக்கும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்க அடைப்புக் கதவுகள் அமைத்தார்கள். ஓதத்தை அடக்கி வேலைவாங்கிய அந்தக் கட்டுமானங்களைத் தொழில்தொல்லியல் என்றே மதிக்க வேண்டும். வெறும் சாக்கடைக் கரையாகப் பார்ப்பது பெரும் பிழை.

2008இல் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பக்கத்துக் கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமானது. நீர்வழிக்கும் பறவைக்கும் கிடைத்த கவனம் அளத்துக்கும் கிடைக்க வேண்டும். தூர்வாரும் எந்திரம் இறங்குமுன் மடைகளையும் பழைய வாய்க்கால் தடங்களையும் அளந்து வரைபடமாக்கும்படி தொல்லியல் துறையை இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர் வீடுகளில் ஏற்றச்சாலோ, பழைய உப்புப் பலகையோ, அளத்து வேலையின் ஒளிப்படமோ இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ சேர்த்துவையுங்கள்.