'பேர்' என்னும் அலகு: பன்வில தோட்டங்களில் கூலியும் கொமிஷனும்

எஸ்.பி.டி. டி சில்வா 1982இல் குறைவளர்ச்சியின் அரசியல் பொருளாதாரம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், பெருந்தோட்டத்தை நவீன முதலாளித்துவத்தின் வாசலாகக் கண்டுவந்த வாசிப்பைத் தகர்த்தது. தோட்டத்தில் இயந்திரம் ஸ்டோரோடு, அதாவது தேயிலைத் தொழிற்சாலையோடு, நின்றுவிட்டது, மலையில் கையும் கூடையும்தான் மிச்சம் என்றார் அவர். இந்தத் தேக்கத்துக்கு அவர் காட்டிய காரணம் வணிக மூலதனம். கொழும்பு ஏஜென்சி நிறுவனங்கள் சரக்கு ஏற்றியும் இறக்கியும் கொமிஷன் பெற்று வாழ்ந்தன. எத்தனை இறாத்தல் கைமாறியது என்பதே அவற்றுக்கு முக்கியம். ஓர் ஆளின் உழைப்பு எவ்வளவு பலன் தந்தது என்பது அல்ல. மலிவான ஆட்கள் கிடைத்துக்கொண்டிருந்த வரை முறையை மாற்ற அவற்றுக்கு அவசியமும் இருக்கவில்லை.

இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். முரண்படுவது ஓரிடத்தில் மட்டும். டி சில்வாவின் விளக்கத்தில் கொமிஷன் உற்பத்திக்கு வெளியே, கொழும்பில் இருக்கிறது. தோட்டம் அதன் பிடிக்குள் அகப்பட்ட இடம். அப்படியானால் அந்தப் பிடி விலகியதும் தோட்டத்தின் உள்ளமைப்பும் ஆட்டம் காண வேண்டும். 1975இன் நிலச்சீர்திருத்தம் கம்பெனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. ஏஜென்சி நிறுவனங்கள் போயின. ஆயினும் கண்டி மாவட்டத்துப் பன்விலவின் மடுல்கலை, கலபொக்க, ஹாத்தலை மலைகளில் வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டு முன்போலவே நடந்தது. தன் நூல் வெளிவரும்போது டி சில்வா இதை அறிந்தேயிருப்பார். ஆனால் அவருடைய சட்டகத்துக்குள் இதற்கு இடமில்லை. காரணம், அவர் கொழும்பிலிருந்து மலையைப் பார்த்தார். பெரட்டுக்களத்திலிருந்து பார்த்தால் கொமிஷன் வெளியே தெரியாது, காலடியிலேயே கிடக்கும். அதற்குச் சான்று ஒரே ஒரு சொல்: 'பேர்'.

மலையகத்தில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பெரட்டுக்கு வந்து, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து, நிர்ணயித்த வேலை முடிந்தால் 'பேர் விழும்'. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. மாதத்துக்கு எத்தனை பேர் என்று ஒரு பெண் சொன்னால் அது ஆட்தொகை அல்ல, அவள் உழைத்த நாட்கள். தமிழகத்து உழவர் வழக்கில் 'நாள்', 'கூலி' என்று அளக்கப்படுவது இங்கே ஏன் 'பேர்' ஆனது? செக்ரோலில் பெயர் எழுதப்படுவதால் என்பது எளிய விடை. பெயர் எழுதப்படும் இடங்கள் உலகில் ஏராளம். இங்கே பெயரே கூலியின் அலகானது. ஆகவே அந்த விடை எனக்குப் போதாது.

வேறு விடை தேட, ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணிமார் பெற்ற வருமானங்களில் இரண்டை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்று, ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்ததற்கான தலைக்காசு. மற்றது, தன் ஆட்களில் அன்றன்று வேலைக்கு நின்ற ஒவ்வொருவருக்காகவும் பெற்ற சிறு தொகை, பென்ஸ் காசு. 1908ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆணைக்குழு விசாரித்த விடயங்களில் இவையும் உண்டு. இரண்டாவதுதான் முக்கியம். ஒரு நாளில் எத்தனை பெயர் பதியப்பட்டதோ அத்தனை மடங்கு கங்காணிக்குக் காசு. என் கருத்து இது: 'பேர்' முதலில் தொழிலாளியின் கூலியை அளந்த அலகு அல்ல, அவளை நிறுத்தியவனின் கொமிஷனை அளந்த அலகு. கூலியின் அலகாக அது பிற்பாடே இறங்கியது.

இதற்கு நேரடி ஆவணம் காட்ட என்னால் முடியாது, சொல்வழக்கையும் கணக்கு முறையையும் பொருத்திப் பார்த்துச் செய்யும் ஊகமே இது. ஆனால் எதிர்வாதம் இதைவிட மெலிந்தது. கூலிக் கணக்குக்காகவே பேர் எழுந்தது என்றால், அது கங்காணியின் கணக்கோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதை வெறும் தற்செயல் என்றே சொல்ல வேண்டியிருக்கும். அரைப்பேர் எப்போது தோன்றியது என்பதையும் நிறுவ முடியவில்லை. 1927இன் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தது. ஒரு முழுப்பேருக்குச் சட்டம் விலை வைத்த பிறகுதான் அதைப் பாதியாக வெட்டுவதில் நிர்வாகத்துக்கு லாபம் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

உலகமயமாதல் பன்விலவுக்கு வந்த வழியும் பொதுவாகச் சொல்லப்படுவதுபோல் இல்லை. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1992இல் தோட்ட முகாமை 22 பிராந்தியக் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. பொதுவாகச் சொல்லப்படும் கதையில் கம்பெனி வருகிறது, சுரண்டல் கூடுகிறது. கண்டி, மாத்தளை மத்திய மலைநாட்டில் நடந்தது வேறு. விளைச்சல் குறைந்த, முதிர்ந்த தேயிலை நின்ற தோட்டங்கள் பலவற்றைச் சந்தை விரும்பவில்லை. அவை அரச நிறுவனமான ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் தங்கிவிட்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் இன்று ஜனவசமவின் கையில்தான் என்பது வரலாற்றின் கேலி. இத்தோட்டங்களில் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் உரிய காலத்தில் செலுத்தப்படாமல் நிலுவையானது பாராளுமன்றம் வரை பேசப்பட்ட செய்தி. உலகச் சந்தை சிலரைப் பிடித்து ஆட்டியது, மற்றவர்களைத் தொடாமலே விட்டது. தொடாமல் விட்டதன் விளைவைப் பற்றித்தான் நம் ஆய்வுகளில் அதிகம் இல்லை.

மறுபக்கத்தில், கம்பெனித் தோட்டங்களின் கூட்டு ஒப்பந்தங்களில் விலைப்பங்கு என்ற ஒரு வரியை மட்டும் இங்கே எடுத்துக்காட்டுகிறேன். 2009இல் நாட்சம்பளம் 405 ரூபா: அடிப்படை 285, வரவுக் கொடுப்பனவு 90, விலைப்பங்கு 30. 2011இல் மொத்தம் 515, 2013இல் 620, 2016இல் 730. இத்தனை ஏற்றத்திலும் விலைப்பங்கு 30 ரூபாவாகவே நின்றது. ஏல விலையோடு ஏறி இறங்க வேண்டிய பங்கு அசையவே இல்லை. 2019இல்தான் அது 50 ஆயிற்று. அப்போது அடிப்படை 700 ஆனது, வரவுக் கொடுப்பனவு மறைந்தது. 2021இல் சம்பளச் சபையின் வர்த்தமானி 1,000 ரூபாவை நிர்ணயித்ததும் கூட்டு ஒப்பந்தம் குலைந்தது. அதன் பிறகு பறிக்க வேண்டிய கிலோ கூட்டப்படுகிறது, அரைப்பேர் பெருகுகிறது என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. சம்பளம் என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுத்ததைப் பேர் என்ற சொல்லின் வழியாக நிர்வாகத்தால் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தது.

பன்வில இளையோர் இந்தக் கணக்கிலிருந்து வெளியேறிய பாதைகள் தெரிந்தவைதான்: கொழும்புக் கடைகள், பல்லேகலையின் ஆடைத் தொழிற்சாலைகள், சுற்றுலா விடுதிகள், பெண்களுக்கு வளைகுடா வீட்டுவேலை. அரச அளவீடுகளின்படி தோட்டத்துறை வறுமை 1990/91இல் 20.5 வீதம், 1995/96இல் 38.4, 2006/07இல் 32.0, 2009/10இல் 11.4. கடைசி மூன்றாண்டுச் சரிவைத் தேயிலைக் கூலி மட்டும் கொண்டுவந்திருக்கும் என்று நம்புவது கடினம். வெளியிலிருந்து வந்த பணத்துக்கும் அதில் பங்கிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன், அதன் அளவைப் பிரித்துக் காட்ட இந்த எண்கள் போதா.

வளைகுடாப் பயணத்தில்தான் என் பழைய அலகு மறுபடி எதிர்ப்படுகிறது. ஊரிலுள்ள உபமுகவர் பெண்ணைக் கொழும்பு முகவரிடம் சேர்க்கிறார். ஒரு தலைக்கு இவ்வளவு என்று கொமிஷன் பெறுகிறார். புறப்படுமுன் வீட்டுக்கு முற்பணமும் வருவதுண்டு. பயணம் நடுவில் முறிந்தால் அந்த முற்பணமே தகராறாகிறது. கங்காணி ஆட்களுக்கு முற்பணமாகக் கொடுத்த கரைக்கடனும், கடன்தொகையைச் சுமந்து தோட்டம் மாறிய துண்டும் நினைவுக்கு வருகின்றன. துண்டை 1921இல் சட்டம் ஒழித்தது. இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். வெளிநாடு போனவள் தன் சம்பளத்தைத் தன் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்ப முடிகிறது, செக்ரோலில் இருந்தவளுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. டி சில்வாவோடு நான் கொள்ளும் வழக்குக்கு இந்த அளவு ஒற்றுமையே போதும். கொமிஷன் ஏஜென்சி நிறுவனத்தின் குணம் மட்டுமல்ல. ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் இடமெங்கும் அது தலையால் எண்ணப்பட்டது.

பென்ஸ் காசு பன்வில மலைகளில் எப்போது நின்றது என்பதே எஞ்சிய சிக்கல். 1939இல் இந்தியா தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்ததும் தலைக்காசுக்கு வேலையில்லாமல் போயிருக்கும். அன்றாடப் பேரோடு ஒட்டியிருந்த பென்ஸ் காசுக்கு அப்படி நின்றுபோகக் காரணமில்லை. அது எந்த ஆண்டில் செக்ரோலை விட்டுப் போனது என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியே தேட வேண்டியிருக்கிறது.