மலையேற்றக் கியர் (ரோடு சைக்கிள்)

செங்குத்தான மலைச்சாலையில் ஏறுவதற்காக, ரோடு சைக்கிளுடன் வந்த கடைசிக் கியரைவிடவும் இலகுவான கியர் கிடைக்கும்படி பற்சக்கரங்களை மாற்றிப் பொருத்தும் வேலை இது. பின்சக்கர ஹப்பில் அடுக்காக அமர்ந்திருக்கும் கேசட்டில் பெரிய பற்சக்கரத்தை இன்னும் பெரிதாக்கலாம். பெடலோடு சுழலும் முன் பற்சக்கரத்தைச் சிறிதாக்கலாம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்.

முன் பற்களின் எண்ணிக்கையைப் பின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது கியர் விகிதம். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும் என்பது தெரியும். 25 மி.மீ. டயர் மாட்டிய 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். பழைய பந்தய சைக்கிள்களில் வழக்கமாக இருந்த 39/25 கியரில் அந்தத் தூரம் 3.28 மீட்டர், 34/28-இல் 2.55, 34/34-இல் 2.1, 30/34-இல் 1.85.

இந்த எண்களின் பொருள் மலையில்தான் விளங்கும். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலையில் காற்றின் தடையை விட்டுவிட்டாலும், டயர் உருளும் தடையோடு சேர்த்து அந்த எடையை மேலே தள்ள ஏறத்தாழ 87 நியூட்டன் விசை வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்று என்பது ஏற்றத்தில் கால்களுக்கு ஒத்துவரும் மிதமான வேகம். 39/25 கியரில் அந்தச் சுழற்சியைக் காக்க மணிக்கு 11.8 கி.மீ. வேகமும் அதற்கு 285 வாட் ஆற்றலும் தேவை. 34/28-இல் 222 வாட் போதும். 34/34-இல் 183, 30/34-இல் 161. வார இறுதியில் மட்டும் ஓட்டுகிற பலருக்கு 285 வாட்டைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. ஆற்றல் போதாதபோது சுழற்சி 40-க்கு விழுகிறது. அதே ஆற்றலைக் குறைந்த சுற்றுகளில் கொடுக்க ஒவ்வொரு மிதியிலும் கூடுதல் விசை வேண்டும். அந்தச் சுமை தொடைத் தசையிலும் முழங்காலிலும் இறங்குகிறது. ஆகவே எந்தக் கியர் வேண்டும் என்ற கேள்விக்கு விடை, ஏறப்போகும் மலையின் சரிவிலும் ஓட்டுபவரின் ஆற்றலிலும் இருக்கிறது. பந்தய வீரர் எதைப் பயன்படுத்துகிறார் என்பதில் இல்லை.

ஆனால் பல பத்தாண்டுகளாக வீரர்களின் கியரே எல்லோருக்கும் விற்கப்பட்டது. இலகுவான கியர் பலவீனத்தின் அடையாளம் என்ற எண்ணம் பழமையானது. பிரான்சின் சாந்தேத்தியேன் நகரில் 1887-இல் 'லெ சிக்லிஸ்த்' இதழைத் தொடங்கி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி (1853–1930) பல கியர்களுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு அதற்கு நேரெதிர். கியர் மாற்றும் டிரெய்லியர் பொறியைத் தம் பந்தயத்தில் பல ஆண்டுகள் அனுமதிக்கவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பற்சக்கரம் செயினில் படும்படி திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். டிரெய்லியருக்கு இடம் கிடைத்தது 1937-இல்தான். அதன் பிறகும் முன்பக்கத்துச் சிறிய பற்சக்கரம் நெடுங்காலம் 42 பற்களிலும், பின்னர் 39-லும் நின்றது. முன்பக்கத்தில் 50, 34 பற்களுள்ள இரண்டு சக்கரங்களைக் கொண்ட 50/34 'காம்பேக்ட்' அமைப்பு பரவலானது 2000-க்குப் பிறகே. இன்று வீரர்களும் மலைக் கட்டங்களில் பெரிய கேசட் மாட்டுகிறார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் உள்ள ஆங்லிரு ஏற்றம் 12.5 கி.மீ. நீளம், சராசரிச் சரிவே சுமார் 10 சதவீதம், மிகக் கடுமையான இடத்தில் 23 சதவீதத்தையும் தாண்டும். அந்த மலையில் பழைய 39/25 யாருக்கும் உதவாது. தமிழ்நாட்டில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் 36 வளைவுகளும் இதே கணக்கை நம் ஓட்டுநர்களுக்கு நேரில் காட்டும் இடங்கள்.

கேசட்டை மாற்றுவதே முதலில் எண்ண வேண்டிய வழி. செலவு குறைவு, பலன் அதிகம். 11 முதல் 28 பல் வரையுள்ள 11-28 கேசட்டை எடுத்துவிட்டு 11-34 போட்டால் கடைசிக் கியர் 17 சதவீதத்துக்கு மேல் இலகுவாகும். முன்பக்கம் 34-ஐ 30 ஆக்கினாலும் கிடைப்பது ஏறத்தாழ 12 சதவீதமே. இழப்பு ஒன்று உண்டு: அடுத்தடுத்த பற்சக்கரங்களுக்கிடையே இடைவெளி கூடும். சமதளத்தில் கூட்டமாக ஓட்டும்போது பொருத்தமான சுழற்சி அமையாமல் இரண்டு கியர்களுக்கு நடுவே தவிக்க நேரலாம். மலைக்குப் போகிறவர் தயங்காமல் ஏற்கத்தக்க இழப்பு அது.

பெரிய கேசட்டைப் பின் டிரெய்லியர் ஏற்குமா என்பதில்தான் பலரும் சிக்குகிறார்கள். இரண்டு வரம்புகளைப் பார்க்க வேண்டும். அது ஏற்கக்கூடிய மிகப் பெரிய பற்சக்கரம் எது என்பது ஒன்று. மொத்தக் கொள்ளளவு மற்றொன்று: முன் பற்சக்கரங்களின் வேறுபாட்டையும் கேசட்டின் பெரிய, சிறிய பற்சக்கரங்களின் வேறுபாட்டையும் கூட்டினால் வருவது. 50/34 முன்பக்கத்துடன் 11-34 கேசட் என்றால் 16-உம் 23-உம் சேர்ந்து 39. ஷிமானோ அல்டெக்ரா ஆர்8000 வரிசையில் குட்டைக் கூண்டு (உருளைகளைத் தாங்கும் பகுதி) கொண்ட டிரெய்லியரின் வரம்பு 30 பல், கொள்ளளவு 35. நீளக் கூண்டுடையது 34 பல், 39. ஆகவே குட்டைக் கூண்டு வைத்திருப்பவர் டிரெய்லியரையும் மாற்ற வேண்டும். அதைத் தவிர்க்க, டிரெய்லியரைச் சற்றுக் கீழே இறக்கித் தொங்கவிடும் இணைப்புத் துண்டு விற்கிறது. அது பெரிய பற்சக்கரத்துக்கு இடம் கொடுக்கும், கொள்ளளவைக் கூட்டாது.

மலை சைக்கிளின் டிரெய்லியரை ரோடு சைக்கிளில் மாட்டுவது பழைய உத்தி. ஷிமானோவில் 9 வேக (கேசட்டில் 9 பற்சக்கரங்கள்) காலம் வரை இரண்டு வகையும் கேபிளை ஒரே கணக்கில் இழுத்தன. அதனால் 9 வேக மலை டிரெய்லியர், பழைய 10 வேக ரோடு ஷிஃப்டர்களோடும் ஒத்துப்போகும். 10 வேக மலை வரிசையிலிருந்து கணக்கு மாறிவிட்டது. அவற்றை மாட்டினால் கியர் சரியான இடத்தில் விழாது. ஸ்ராம் 10 வேகத்தில் இரண்டு வகையும் பொருந்தும்.

அடுத்தது செயின். பெரிய பற்சக்கரத்தில் 6 பற்கள் கூடினால் செயின் 3 கண்ணி அளவு நீளம் கேட்கும். கண்ணிகளை இரட்டைப்படையில்தான் சேர்க்க முடியும் என்பதால் 4 ஆகிவிடும். இதைக் கவனிக்காமல் பழைய செயினோடு பெரிய முன் பற்சக்கரத்தையும் பெரிய பின் பற்சக்கரத்தையும் சேர்த்துப் போட்டால் செயின் இறுகி, டிரெய்லியரைப் பிய்த்துவிடும்; அது தொங்கும் ஹேங்கரும் முறியலாம். புதுச் செயினை டிரெய்லியருக்குள் விடாமல், அந்த இரண்டு பெரிய பற்சக்கரங்களையும் சுற்றிப் பிடித்துப் பார்த்து, இன்னும் 2 கண்ணி கூட்டி வெட்டுவது வழக்கம். தேய்ந்த செயின் புதுக் கேசட்டில் நழுவும் என்பதாலும் புதிது போடுவதே நல்லது.

கேசட்டைக் கழற்றச் செயின் விப், லாக்ரிங் டூல் இரண்டும் வேண்டும். கேசட்டை ஹப்பில் பிடித்திருக்கும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். பொருத்தியதும் 'பி' திருகைத் திருப்பி, டிரெய்லியரின் மேல் உருளை பெரிய பற்சக்கரத்தின் பற்களைத் தொடாமல் 5, 6 மி.மீ. விலகி நிற்கும்படி வைக்க வேண்டும். செயின் ஆரக்கம்பிகளுக்குள் விழாதபடி உள்பக்க வரம்புத் திருகையும் சரிபார்க்க வேண்டும்; ஏற்றத்தில் கடைசிக் கியரைத் தேடும்போது அது விழுந்தால் சக்கரம் சட்டென நின்றுவிடும்.

கேசட்டால் தீராதபோது, முன் பற்சக்கரங்களைத் தாங்கும் கிராங்க். பற்சக்கரத்தைத் தாங்கும் போல்ட்டுகள் அமர்ந்த வட்டத்தின் விட்டம் 130 மி.மீ. ஆக இருந்தால் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது, 110 மி.மீ. காம்பேக்ட்டில் 33 அல்லது 34 வரை. அதனினும் சிறியது வேண்டுமென்றால் கிராங்கையே மாற்ற வேண்டும். மூன்று பற்சக்கர அமைப்பில் 30 பல் சிறுசக்கரம் எளிதாகக் கிடைத்தது. இன்று புதுச் சைக்கிள்களில் அதைக் காண்பது அரிது. அந்த இடத்தை 48/32, 46/30 போன்ற அமைப்புகள் நிரப்புகின்றன. 46/11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலே மணிக்கு 47 கி.மீ. கிடைக்கும் என்பதால், பந்தயம் ஓடாதவர் பெரிய பற்சக்கரத்தை இழந்ததற்கு வருந்த வேண்டியதில்லை. வாங்குமுன் முன் டிரெய்லியரை அந்த அளவுக்குக் கீழே இறக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2019-இல் வந்த ஷிமானோ ஜிஆர்எக்ஸ் கிராங்கில் செயின் வழக்கத்தைவிட 2.5 மி.மீ. வெளிப்புறமாக ஓடுவதால், அதற்கென்றே செய்த முன் டிரெய்லியரையும் சேர்த்து வாங்க வேண்டும்.