லே பழைய நகரின் மண் கழிப்பறைகள்

தலைப்பைப் பார்த்ததும் முகம் சுளிக்க வேண்டாம். அரண்மனையைப் பற்றி எழுதுகிற சரித்திரத்தில் கழிப்பறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். லடாக்கின் லே நகரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் மன்னர் காலத்தில் எழுந்த ஒன்பது அடுக்கு அரண்மனையின் காலடியில்தான் பழைய நகரம். வீடுகளின் கீழ்ப்பகுதி கல், மேலே வெயிலில் காயவைத்த மண் செங்கல், அதற்கு மேல் மண் பூசிய தட்டைக் கூரை. ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். அதனால்தான் மண் வீடு தாங்குகிறது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும்.

இந்த ஊருக்கு ஏற்ற கழிப்பறையை அந்த மக்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். மாடியில் ஒரு சின்ன அறை, தரையில் ஒரு துவாரம், ஓரத்தில் மண் குவியல், ஒரு மண்வாரி. போய்முடித்ததும் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். அடுப்புச் சாம்பலும் சேரும். கீழே மூடிய அறையில் எல்லாம் காய்ந்து மட்கும். வசந்த காலத்தில், விதைப்பதற்கு முன், கீழ்க்கதவைத் திறந்து பார்லி வயலுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை.

"இது நம்ம ஊர் எடுப்புக் கக்கூஸ் தானே?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இல்லை. எடுப்புக் கக்கூஸில் மலம் அன்றன்றைக்கு, பச்சையாக அள்ளப்பட்டது. அள்ளும் வேலை ஒரு சில சாதிகளின் தலையில் கட்டப்பட்டது. லடாக்கில் அந்த வீட்டுக்காரர்களே, மட்கியதை, தங்கள் வயலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்லவில்லை. மோன், பேடா, காரா என்று தாழ்த்திவைக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஒதுக்கிய தொழில்கள் இசையும் கொல்லு வேலையும்.

இந்த வித்தியாசம் நம் சட்டத்துக்கே தாமதமாகத்தான் புரிந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம், தண்ணீர் அடைப்பு இல்லாத எல்லாவற்றையும் உலர் கழிப்பறை என்று ஒரே மூட்டையில் கட்டியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் 'மலம் முழுமையாக மட்குவதற்கு முன்' கையால் அள்ள வேண்டியிருக்கும் கழிப்பறையைச் சுகாதாரமற்றது என்றது. (அப்போது அது ஜம்மு காஷ்மீருக்குப் பொருந்தாது, லடாக் அந்த மாநிலத்தில்தான் இருந்தது.)

1974இல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. விடுதிகள் வந்தன, ஃப்ளஷ் வந்தது, உறிஞ்சு குழிகள் வந்தன, நிலத்தடி நீர் கெடத் தொடங்கியது. பழைய நகரத்தில் சங்கடம் வேறு மாதிரி. மண் சுவருக்குப் பக்கத்தில் ஒழுகும் குழாய், அஸ்திவாரத்தையே கரைக்கும். 2008இல் உலக நினைவுச்சின்ன நிதியம் லே பழைய நகரத்தை ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. திபெத் ஹெரிடேஜ் ஃபண்ட் என்ற அமைப்பு 2000களில் உள்ளூர்க் கொத்தனார்களோடு சேர்ந்து வீடுகளைப் பழுதுபார்த்தது; சந்துகளில் வடிகால் போட்டுக் கல் பாவியது.

பழைய கழிப்பறையை அப்படியே புகழவும் முடியாது. ஒரே அறை என்றால் நேற்று விழுந்ததும் போன வருஷத்ததும் கலந்துவிடும். குடற்புழு முட்டைகள் குளிரில் சுலபமாகச் சாகாது. 2 முதல் 20 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி. இதற்கு வழி இரட்டை அறை: ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவது. வடக்கு வியட்நாமில் 1956லேயே இதைப் பரப்பினார்கள். ஆனால் அங்கே விவசாயிகள் அவசரப்பட்டு இரண்டு மூன்று மாதத்திலேயே திறந்துவிட்டதும் உண்டு.

லேயில் அதைவிடப் பெரிய சிக்கல், வயல். பழைய நகரத்து வீட்டுக்காரர்கள் பலர் வெளியே புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு வயலும் இல்லை, மண் கொண்டுவர இடமும் இல்லை. மண் போடாவிட்டால் நாற்றம், யாரும் அள்ளாவிட்டால் அறை நிறைந்துவிடும். ஆகவே இரண்டாவது அறை கட்டிக்கொடுத்தால் மட்டும் போதாது. இலையுதிர் காலத்தில் மண் கொண்டுவந்து போடவும், வசந்தத்தில் எருவை ஒரு விவசாயியிடம் சேர்க்கவும் ஏற்பாடு வேண்டும். அந்த வேலைக்குக் கூலி ஆள் வைப்பதென்றால், இரண்டு ஆண்டு பூட்டிக் கிடந்த அறையை மட்டும்தான் அவர் திறப்பார் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.